கூட்டுக்கு வந்த புதுக்குருவி

இன்று காலை முற்றம் கூட்டும்போது, சிறகு முளைக்காத குருவிக்குஞ்சு ஒன்று விளக்குமாற்றில் தட்டுப்பட்டது.

உன்னிச்சைக் கிராமத்தில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. வீட்டு முன் விறாந்தையில் தொங்கிய மண்முட்டியில் ஒரு சோடிச் சிட்டுக்குருவி குஞ்சு பொரித்திருந்தது. இரண்டும் மாறி மாறிப் புழு கொண்டுவரும். ஒருநாள் ஆண் குருவியைப் பூனை பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் வேறோர் ஆண் வந்தது. குஞ்சுகளுக்கு அப்பா கிடைத்துவிட்டார் என்று கை தட்டினேன். அதுவோ குஞ்சுகளைக் கொத்தி, ஒவ்வொன்றாகச் சீமெந்துத் தரையில் போட்டது. அடுத்த கிழமையே தாய்க்குருவி அதனோடு சேர்ந்து கூட்டுக்கு வைக்கோல் சுமந்தது.

அந்த நாட்களில்தான் மாமா அம்மாவுக்கு மறுமணம் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க கலியாணம் முடிச்சா அவர் என்னையும் இப்பிடிக் கொல்லுவாரா?"

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "ஆரு புள்ள உனக்கு இப்பிடிச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான் பாத்தன்."

மாலையில் மாமா வந்தபோது, "வேணாம் அண்ணன், இந்தப் பேச்ச விடுங்க" என்றார் அம்மா. கடைசிவரை தனியாகவே இருந்தார்.

அப்போது அம்மாவுக்கு என்ன வயதென்று இன்றுதான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் என் மகளைவிட ஒரு வயது குறைவு.