ஆறு பேடும் ஒரு கூவலும்

பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. முட்டையைக் கண்ணால் காண்பதே அரிது. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக் கேக்குக்கு ஒருத்தி முட்டையோடு போனால் நாலு பேர் வழிமறித்து எங்கே கிடைத்தது என்று விசாரிப்பார்கள். கேக்கைப் பற்றித் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், அது கிடக்கட்டும். எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளுக்குக் கை நோகும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வளவின் பின்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தாய், அதாவது என் மாமி. முன்வீட்டில் வளவின் சொந்தக்காரி. முஸ்லிம் மனுஷி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். தங்கமான குணம். குரல் மட்டும், எழும்பினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் திரும்பிப் பார்க்கும். அவருடைய கணவருக்கு ஒருகொடவத்தையில் ஒரு ஸ்டோரில் இராக்காவல். விடிந்த பிறகு வந்துதான் படுப்பார். அதனால் கோழி வளர்க்கட்டுமா என்று நான் கேட்டதும் ராத்தா விரலை நீட்டினார்.

"பேட்டுக்கோழி எண்டா வளருங்க புள்ள. சேவல் வேணாம். எங்கட மனுசன் விடிஞ்ச பொறகுதான் கண்ண மூடுற. ஒரு சேவல் கூவிச்சோ, கூடும் போகும், கோழி எல்லாமும் போகும். சொல்லிட்டன்."

எனக்கோ கோழி என்றால் உயிர். எனக்கென்று ஒரு கூடு, அதற்குள் என் முட்டை என்று கனவிலேயே எண்ணிப் பார்த்தவள். சந்தையில் குஞ்சு விற்கிறவனிடம் போய்ப் பேடு மட்டும் வேண்டும் என்றேன். அவன் ஒவ்வொரு குஞ்சையும் கவிழ்த்து, வாலைத் தூக்கி, ஊதிப் பார்த்தான். அவன் பார்த்த பார்வையைப் பார்த்தால் பெரியாஸ்பத்திரி டாக்டர்மார் எழும்பி நிற்க வேண்டும்.

"ஒக்கோம கிகிளி, நோனா!" என்றான். எல்லாமே பேடுதானாம். ஆறு குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்தேன்.

மாமி நம்பவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொன்றாய்க் காலில் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கவிட்டார். தலையைத் தூக்கினால் சேவல், தொங்கப்போட்டால் பேடு என்பது அவருடைய கணக்கு. ஆறும் தலையைத் தூக்கின. "ஐயோ, ஆறும் சேவல்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து மறுபடி தொங்கவிட்டார். ஆறும் தலையைத் தொங்கப்போட்டன. "மாதாவே, ஆறையும் பேடாக்கித் தந்திட்டாய்!" என்று கும்பிட்டார்.

நான் செபமாலையை எடுத்தேன். வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு கோழிக்கு மேலேயும் பிடித்தேன். குருசு வட்டமாய்ச் சுற்றினால் பேடு. சுற்றியது. என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே பிடித்தேன். அங்கேயும் சுற்றியது.

"உன்ட கைதான் ஆடுது. செபமாலைய கொண்டுபோய் வை," என்றார் அவர்.

கோழிகள் வளர்ந்தன. ஒன்றுக்குக் கொண்டை சிவந்து, நடையில் ஒரு மிடுக்கு வந்து, மற்றதுகளைக் கொத்தி விரட்டியது. அதைச் சண்டியன் என்றோம். வெள்ளைக் கோழி ஒன்று இருந்தது. எல்லாம் தின்று முடியும்வரை கன்னியாஸ்திரி மாதிரித் தலையைக் குனிந்து ஓரமாய் நிற்கும். அதைச் சிஸ்டர் என்றோம்.

தவக்காலம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு அது முக்கியமான காலம். எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைக்குப் பாஸ்கு நாடகம் போடுவார்கள். ஆண்டவரின் பாடுகள் முழுவதும் மேடையில் நடக்கும். அதில் சீடர் ஒருவர் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னதும் சேவல் கூவுகிற இடம் ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் நின்று கூவுவது இவர்தான். மேடையில் முகம் தெரியாது, பேச்சுக் கிடையாது, ஒரே ஒரு கூவல். அதற்கு வருடந்தோறும் வீட்டில் பழகுவார். ராத்தாவும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் காலை கூட்டுக்குள் இருந்து "கொக்கரக்கோ" என்று வந்தது. இவர் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றார். மதிலுக்கு மேலே ராத்தாவின் தலை எழும்பியது.

"அது என்ன சத்தம்? ஓ, தம்பி பாஸ்குவுக்குப் பழகுறாரா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூட்டைப் பார்த்தேன்.

"ஓம் ராத்தா," என்றார், வாயில் நுரையோடு.

"மார்க்க வேல எண்டா பரவாயில்ல. போன வருசத்த விட மிச்சம் நல்லம்!"

அந்தப் பாராட்டில் இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

அன்று தொடங்கியது எங்கள் பாடு. சேவல் கூவினால் உடனே இவர் செருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்து ராத்தாவின் கண்ணில் படவேண்டும். ஒருதரம் இவர் வேலைக்குப் போன பிறகு கூவிவிட்டது. மாமி பயந்துபோய், சந்தேகம் வராதிருக்கத் தானும் குசினிக்குள் அடுப்படியில் நின்று ஒன்று கூவினார்.

"தம்பிக்குத் தடிமனா?" என்று கேட்டார் ராத்தா.

உயிர்த்த ஞாயிறோடு பாஸ்கு முடிந்துவிடும். பிறகு சாட்டுச் சொல்ல வழியில்லை. அதற்குள் கூவுகிறது எது என்று பிடிக்க வேண்டும். சத்தம் கேட்டு ஓடினால் ஆறும் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். சண்டியன்தான் என்று மூன்று பேரும் ஒரே முடிவு.

பெரிய சனிக்கிழமை மாமி கத்தியோடு கூட்டுக்குள் தலையை விட்டார். சண்டியன் மூலையில் குந்திக்கொண்டு எழும்ப மறுத்தது. மாமி இழுத்தார். அடியில் முட்டை!

"முட்டையிட்டிட்டான்! சண்டியன் முட்டையிட்டிட்டான்!" என்று மாமி கத்தியை வீசிக்கொண்டு ஓடிவந்தார். நானும் துள்ளினேன். பிறகுதான் யோசனை வந்தது. அப்போ மற்றது எது?

மறுநாள் உயிர்த்த ஞாயிறு, எங்கள் பெருநாள். ராத்தா ஒரு தட்டு நிறைய, பாகில் கிண்டிய தொதல் கொண்டுவந்தார். இவர் பெரிய துண்டு ஒன்றை வாயில் போட்டார். ராத்தாவின் தொதல் பல்லைப் பிடித்தால் லேசில் விடாது. இவர் தாடை இறுகி நின்ற அந்த நேரம் பார்த்துக் கூட்டுப் பக்கம் பெரிதாய் ஒரு கூவல்.

ராத்தா இவருடைய வாயைப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"தம்பி, வாய தொறக்காமயே கூவுறீங்களே!"

கூட்டின் கூரையில் சிஸ்டர் கழுத்தை நீட்டி இன்னொன்று கூவியது. முன்வீட்டிலிருந்து ராத்தாவின் கணவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இவனா? இவ்வளவு நாளும் நான் தம்பிக்கல்லவா மனசுக்குள்ள ஏசினது! தம்பி, மன்னிச்சிக்கொள்ளுங்க."

இவர் பதில் சொல்லத் தொதல் விடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் சொன்னது ஞாபகம் ஈக்கிதானே, புள்ள?" என்றார் ராத்தா. என் கூடு போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த நேரம் சண்டியன் முட்டையிட்டுவிட்டுக் கேறிக்கொண்டு கூட்டிலிருந்து இறங்கியது. நான் ஓடிப்போய் முட்டையை எடுத்துச் சூடு ஆறமுன் ராத்தாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"கூவினது ஒண்டுதானே," என்றார் கடைசியில். "அது போகட்டும். மத்ததுகள் ஈக்கட்டும்."

சிஸ்டரை அவருடைய கணவரே அறுத்தார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. பின்னேரம் எங்களுக்குப் புரியாணி வந்தது. இவர் தொடவில்லை. "எனக்காகக் கூவினவன நான் தின்னமாட்டன்," என்றார். இவர் பங்கை மாமி தின்றார்.

அடுத்த தவக்காலத்துக்கு ராத்தா ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்குள் நின்று கூவக்கூடாது. முற்றத்தில் நின்று, அவருடைய ஜன்னலைப் பார்த்து, வாயைத் திறந்து கூவவேண்டும். இவரும் கூவினார். ஐந்து பேடும் தீன் என்று நினைத்து அவருடைய காலடியில் வந்து நின்றன.

"இன்னும் தொறங்க தம்பி," என்றார் ராத்தா ஜன்னலில் இருந்து. "பல்லு தெரியல்ல!"