ஃப்ராஸ்ட்பர்க்கில் பனி பெய்தால்

மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்ட பிறகுதான் வெர்னெட்டா கிம்ப்ரோ வாசலில் வந்து உட்காருவார். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் காய்ந்து மொடமொடத்துக் கிடக்கும். மழை அவருடைய டிவியில் பெய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்த டிவி வீட்டுக்குள் இருக்கிறது. ஆனால் முகம் தெருவைப் பார்த்திருக்கிறது. முன்ஜன்னல் ஓரமாக மேசை போட்டு, பெட்டியை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். பால்டிமோரின் கிழக்குப் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். கோடையில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துபோவோம். அதனால் மாலையானதும் நாங்கள் நாற்காலியும் ஐஸ் டீயுமாக அவர் வாசலுக்குப் போய்விடுவோம். அவர் போடுவது ஒரே சானல், வானிலை. அதுவும் சத்தமில்லாமல்.

"மேகத்துக்கு எதுக்குப் பேச்சு?" என்பார்.

வரைபடத்தில் பச்சையாக மழை நகரும், வெள்ளையாகப் பனி நகரும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாமும் நகர்வதுபோல இருக்கும். ஒருமுறை அந்தத் திரையில் இறங்கிய மூடுபனியில் தபால்காரர் வழி தவறி, இரண்டு தெரு தள்ளிப் போய்க் கடிதம் போட்டுவிட்டு வந்தார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். மாற்றலாகி எங்கோ போய்விட்டார்.

பக்கத்து வீட்டு லானி இரும்பாலையில் உலை முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். வெப்பத்தைத் தவிர வேறு வானிலையை அவர் மதித்ததில்லை.

"மழை அங்க, கோட்டு இங்கயா மிஸ் வெர்னெட்டா? ஆஸ்பத்திரில காட்டுங்க."

"அவங்க அங்க நனையறாங்க. நான் மட்டும் ஜம்முனு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும், கண்ணு?"

வெர்னெட்டாவுக்கு எல்லோரும் கண்ணுதான். போலீஸ்காரரும் கண்ணு, கடன் வசூலிக்க வருகிறவரும் கண்ணு. பளபளக்கும் தொப்பி ஒன்று, பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம். கேபிள் கட்டணத்தின் கெடுவோ எப்போதும் அந்த வெள்ளிக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். மாதம் தவறாமல் தாமதக் கட்டணம் ஐந்து டாலர். தேதியை மாற்றித் தரச் சொல்லி ஒருநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "கம்ப்யூட்டர் விடாது மேடம்" என்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லு கண்ணு. நான் பேசிக்கறேன்."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அவர் பிராட்ஸ்கி, இளம் வக்கீல்; தன் அம்மாவின் கேபிள் பணத்தைத் தாமதமாகக் கட்ட வந்தவர். கம்பெனிக்கு உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் தாமதக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று நடைபாதையில் நின்று விளக்கினார். ஒருவர் பெயர் கொடுத்தால் போதும், கட்டிய எல்லோருக்காகவும் சேர்த்து ஒரே வழக்காகப் போடலாம்.

"எல்லாரும்னா எத்தனை பேரு?"

"லட்சக்கணக்குல மேடம். மாநிலம் முழுக்க."

அன்று மாலை வெர்னெட்டா வரைபடத்தைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மேற்கு மலைகள் வரை, ஒவ்வொரு மேகத்துக்கும் அடியில் தன்னைப்போலச் சம்பளத்துக்குக் காத்திருப்பவர்கள் தெரியத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் பெயரைக் கொடுத்தார்.

வழக்கு நத்தைபோல ஊர்ந்தது. கம்பெனி வக்கீல் அவரை விசாரித்த நாளைப் பற்றி அவரே சொல்லக் கேட்க வேண்டும். கட்டாதவர்களைத் துரத்திப் போகத்தான் அந்த ஐந்து டாலர் செலவாகிறது என்றாராம்.

"யாரு துரத்தினா? ஒருத்தரும் வரலையே கண்ணு. வந்திருந்தா நண்டு அவிச்சுக் குடுத்திருப்பேனே" என்றாராம் இவர். சுருக்கெழுத்துக்காரப் பெண் சிரிப்பை அடக்கித் தும்மியதில் மேசையிலிருந்த காகிதங்கள் துறைமுகம் வரை பறந்தன.

பிறகு ஒரு வியாழக்கிழமை பிராட்ஸ்கி வெர்னெட்டாவின் வாசலுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இதை உங்ககிட்ட சொல்ல வேண்டியது என் கடமை. நீங்க ஒதுங்கிக்கிட்டா, ஆயுசு முழுக்க எல்லா சானலும் இலவசம்ங்கறாங்க. படம், குத்துச்சண்டை எல்லாம்."

"மத்தவங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லை. வழக்கு அதோட படுத்துரும். வேற பேரு கிடைக்கறதுக்குள்ள வழக்கு போடற கெடு முடிஞ்சுரும்."

லானியின் கையிலிருந்த ஐஸ் டீ அப்படியே நின்றது. அந்தப் பெட்டி தெருவைப் பார்த்திருக்கிறதே. வெர்னெட்டாவுக்குக் கிடைப்பது தெருவுக்கே கிடைத்த மாதிரி அல்லவா. அன்று மாலை என்ன மாயமோ, பூட்டிக் கிடந்த சானல்கள் எல்லாம் தாமாகத் திறந்துகொண்டன. கம்பெனி ஆசை காட்டியதோ, கம்பி தடுமாறியதோ, யாருக்குத் தெரியும். சனிக்கிழமை பெரிய குத்துச்சண்டை. எங்கள் தெரு, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு எல்லாம் நாற்காலியோடு வந்து சேர்ந்தது. லானி எழுந்து நின்று காற்றைக் குத்தினார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவர் வெர்னெட்டாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"வாங்கிக்கோங்க மிஸ் வெர்னெட்டா. அந்த லட்சம் பேருல யாரு உங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுத்தா? நாங்கதான இங்க இருக்கோம்."

"நீங்கதான் இருக்கீங்க கண்ணு. அது தெரியாமயா."

"அப்புறம் என்ன?"

வெர்னெட்டா வானிலைக்குச் சானலை மாற்றினார். மேற்கு மலைமேல் பச்சை மேகம் ஒன்று சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். லானி தன் நாற்காலியை மடக்கினார்.

திங்கட்கிழமை வெர்னெட்டா பிராட்ஸ்கியிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். சானல்கள் பழையபடி பூட்டிக்கொண்டன. அதன் பிறகு தெருவும் மெல்லப் பூட்டிக்கொண்டது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்குப் பேரன் வந்திருக்கிறான். லானி காரணமே சொல்லவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வெர்னெட்டா இரண்டு தம்ளர் கொண்டுவந்து வைப்பார், ஒன்றில்தான் ஊற்றுவார். அந்தக் கோடை முழுவதும் வாசலில் அவரும் மேகங்களும்தான். நான் மட்டும் தினமும் போனேன் என்று சொல்ல ஆசைதான்.

மறு வருடம் கம்பெனி இறங்கி வந்தது. தப்பு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தாமதக் கட்டணத்தைக் குறைத்தது, கெடுத் தேதியை அவரவர் மாற்றிக்கொள்ளலாம் என்றது, ஆளுக்குச் சில டாலர் கழிவும் தந்தது. சமரசம் நியாயம்தானா என்று நீதிபதி கடைசியாக ஒருமுறை கேட்கும் நாள் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். வெர்னெட்டா நாவல்பழ நிறத்தில் கவுன் போட்டு, அந்த லட்சம் பேரையும் வரவேற்கும் தோரணையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வந்தது ஒரே ஒருவர். டேல் ஹாஸ்டெட்லர், மேற்கே மலைமேலிருக்கும் ஃப்ராஸ்ட்பர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நீதிபதி கேட்டபோது எழுந்து, "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்க. பேரு குடுத்த அம்மா யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெர்னெட்டா கேட்ட முதல் கேள்வி: "பிப்ரவரில உங்க ஊர்ல ஓயாம கொட்டுச்சே பனி. கூரை தாங்குச்சா?"

மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "வீடு தாங்குச்சு. கொட்டகை சாஞ்சிருச்சு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல கண்ணு. பாத்துட்டேதான் இருந்தேன்."

இந்தக் கதையைப் பிராட்ஸ்கி எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொன்னார். லானி கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டார். பிறகு சாத்திக்கொண்டார்.

போன வாரம், அக்டோபர் மாலை ஒன்றில், துறைமுகக் காற்று இதமாக வீசியது. சட்டையோடு உட்காரலாம். திரையில் மேற்கு மலைமேல் பருவத்துக்கு முந்திய பனி, வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. வெர்னெட்டா கனத்த கோட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. லானி நாற்காலியைத் தூக்கிவந்து, அதன் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். வெர்னெட்டா இரண்டாவது தம்ளரில் ஐஸ் டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

லானி குடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை, ஃப்ராஸ்ட்பர்க் என்ற எழுத்துகளை மூடியபோது, ஒரு கையால் தன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.