இரண்டு அறை வீட்டுக்குப் பெரிய அடுப்பு

எழுபதுகளில் த பேசின் என்ற மலையடிவார ஊரில், பெட்டி போன்ற ஓர் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். குளிர் பட்டால் மனைவிக்கு நெஞ்சு இழுக்கும். அவளுக்காகத்தான் விறகடுப்பு வாங்க டண்டினொங் என்ற பக்கத்து ஊருக்குப் போனோம்.

கடைக்காரக் கிழவர் ஒரு சின்ன அடுப்பைத் தட்டினார். சின்ன வீட்டில் பெரியதை வைத்தால் சூடு தாங்காமல் அடுப்பின் காற்றுவழியை அடைப்பீர்கள், அப்போது விறகு எரியாமல் புகையும் என்றார்.

"இஞ்சேருங்கோ, எங்களுக்கு இந்தச் சின்னனே காணும்," என்றாள் மனைவி.

நான் அடுப்புகளின் மேல்தட்டைத்தான் பார்த்தேன். சின்னதில் தேநீர்க் கேத்தில் ஒன்றுதான் நிற்கும். பக்கத்தில் இருந்த பெரியதில் புட்டுப் பானையும் கறிச்சட்டியும் அருகருகே நிற்கும்.

"சனம் வந்தா இதிலை என்னத்தை வைக்கிறது? உம்மடை நெஞ்சையோ?" என்று சிரித்தேன். தமிழ் தெரியாத கிழவரும் கூடச் சிரித்தார். பெரியதையே வாங்கினேன்.

முதல் சனிக்கிழமையே சனம் வந்தது. "அடுப்பெண்டா இதல்லோ!" என்றபடி வேர்த்து வழிந்து கதிரைகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். நான் காற்றுவழியை அடைத்தேன். கிழவர் சொன்னபடியே புகை கசிந்தது. அவள் நெஞ்சு விசிலடிக்க, எழுந்து யன்னலைத் திறந்தாள்.

"மூடும். உம்மடை அம்மா விறகிலை சமைக்கேல்லையோ?" என்றேன்.

"ஓம். இருமி இருமித்தான் செத்தவ."

கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், உறைபனி படிந்த படியில் உட்கார்ந்தாள். யாரோ இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டார்கள். நான் எழுந்து, முதலில் யன்னலை மூடினேன்.