எங்கள் ஊரின் ஒரே எதிரி

எங்கள் ஊரில் யார் வீட்டுக் குழாய் அடைத்தாலும் டுவைட் லம்பேர்ட்தான் வருவான். இருபது வயதில் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வேலைக்கு வந்தவன். இங்கேயே பெண்ணைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, தலையும் நரைத்தாயிற்று. ஆனாலும் எங்களுக்கு அவன் வெளியூர்க்காரன்தான். மாசசூசெட்ஸ் ஆட்களுக்கு அப்படி ஒரு கொழுப்பு; எனக்கும் உண்டு.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆற்றுப் பாலத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போரை வேஷம் கட்டி மறுபடி நடத்துவோம். பரம்பரைக் குடும்பத்தார் ஊர்ப்படை. பிழைக்க வந்தவர்கள் சிவப்புக் கோட்டு மாட்டி, இங்கிலாந்து ராஜாவின் படையாக வந்து, தோற்றுச் சாக வேண்டும். டுவைட் வருஷா வருஷம் செத்தான். ஒரே ஒரு தடவை பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்பான். கை தூக்கி ஓட்டெடுப்போம். தோற்பான்.

போன வருஷம் எங்களுக்கே வெட்கமாகி, சரி என்று கை தூக்கிவிட்டோம். மற்ற சிவப்புக் கோட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் காலையில் முரசு முழங்கியது. பழுப்புக் கோட்டும் முக்கோணத் தொப்பியுமாக டுவைட் என் பக்கத்தில் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றான். எதிர்க்கரையில் ஒரு வாத்து மட்டும் வந்தது.

“அதைச் சுட்டுடலாமா?” என்றான் ஒருவன்.

“வாத்துகிட்டேருந்தா விடுதலை வாங்கினோம்? சும்மா இருய்யா!” என்றேன்.

ஊர்க்கூட்டத் தலைவி ப்ரூடென்ஸ் ஹேப்குட் விதி தவறாதவள். பாலத்தின் மேலேயே கூட்டத்தைக் கூட்டிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டோனட் தின்றபடி காத்திருந்தார்கள்.

“இந்த டூரிஸ்ட்ல ஒருத்தனுக்குச் சிவப்புக் கோட்டை மாட்டி விடுவோமே?” என்றேன்.

“வெளியாளை எப்படி நம்புறது? ஜெயிச்சுத் தொலைச்சுட்டான்னா? அப்புறம் ராஜாவுக்கு நீயா வரி கட்டுவே?” என்று எரிந்து விழுந்தாள் ப்ரூடென்ஸ். “போறது நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும். டுவைட்டு, நீ போப்பா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டு வாங்கின இடத்தை ஒரு குண்டு சுடுவதற்குள் பிடுங்குகிறார்களே!

டுவைட் தொப்பியைக் கழற்றினான். “இப்ப என்ன சொன்னீங்கம்மா?”

“நம்ம ஊர்க்காரன்னு சொன்னேன். உன் காதும் அடைச்சுப் போச்சா?”

“அதை ஓட்டுக்கு விடுங்க.”

விட்டாள். பாலம் முழுக்கக் கைகள் எழுந்தன, டோனட் கைகளும்தான்.

“வெளியூர்க் கையெல்லாம் கீழ இறக்குங்க!” என்று அதட்டினாள் ப்ரூடென்ஸ். பழக்க தோஷம், டுவைட்டும் இறக்கிவிட்டான்.

“நீ எதுக்குய்யா இறக்குறே?” என்று அவன் கையைப் பிடித்து நான்தான் தூக்கினேன்.

தன் வண்டியில் கிடந்த பழைய சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் எதிர்க்கரைக்கு ஓடினான். நாங்கள் குறி பார்ப்பதற்குள் விழுந்து செத்தான். போர் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் ஓடினேன். புல்லில் மல்லாந்து கிடந்தான். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்துகொண்டிருந்தது.

“எழுந்திருய்யா, ஜெயிச்சாச்சு.”

“இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கிறேனே,” என்றான் டுவைட்.