இருபத்தெட்டாயிரம் அடியில் போன திருச்சி விமானம்

விமானத்தை ஓட்டுபவர் பைலட். அது எந்த வழியில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் டிஸ்பாட்சர். வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். சொந்த ஊர் கட்டுமாவடி என்பதால் திருச்சி ஃப்ளைட் என்றாலே எனக்குக் கொஞ்சம் கூடுதல் கரிசனம். அந்தக் கரிசனமே ஒருநாள் என் காலை வாரிவிட்டது.

அன்று காலை கவுண்டரில் முருகேசன் நின்றார். ஆவுடையார்கோவில்காரர். முந்தின நாள் அவருடைய அப்பா இறந்திருந்தார். கையில் ஒரு பைகூட இல்லை.

"பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துருவாகளாம்ணே. போய்ச் சேந்துருவேன்ல?"

"ரெண்டு மணிக்குத் திருச்சில நிப்பீங்க. தைரியமாப் போங்க" என்றேன்.

அன்று பெட்டிகள் அதிகம். நம் ஆட்கள் போர்வை, பால் பவுடர் என்று கயிறு கட்டிக் கொண்டுவருவார்கள். ஒன்று விட்டுப்போனாலும் திருச்சியில் ரகளைதான். மொத்த எடை வரம்பைத் தாண்டாமலிருக்க, வழக்கமாக நான் கூடுதலாகப் போடும் ஒரு டன் எரிபொருளைக் குறைத்துவிட்டு, எல்லாப் பெட்டிகளையும் ஏற்றச் சொன்னேன். விதிப்படி தவறில்லை. முப்பத்தாறாயிரம் அடி உயரம் கிடைத்தால் போட்ட எரிபொருள் தாராளம்.

கிடைக்கவில்லை. மேலே விமான நெரிசல் என்று, தரையிலிருந்து வழிவிடும் கன்ட்ரோலர் இருபத்தெட்டாயிரத்திலேயே நிறுத்திவிட்டார். உயரத்தில் காற்று மெலிசு. விமானத்தைப் பிடித்து இழுப்பது குறைவு, அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். கீழே அடர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். அதற்காக எடுத்த எடுப்பில் உச்சிக்கும் போக முடியாது. கனத்த விமானத்தை மெலிசுக் காற்று தாங்காது. எரிபொருள் கரையக் கரையப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

சாட்டிலைட் போனில் கேப்டன் கேட்டார். அவர் மதுரைக்காரர். "கொச்சில எறங்கி ஃபில் பண்ணிக்கவா? நேராப் போனா ரிசர்வ்ல கை வைக்கணும்."

முருகேசனின் முகம் கண்முன் வந்தது. "எறங்குங்க கேப்டன்" என்றேன். ரிசர்வ் என்பது ஆபத்துக்கென்று ஒதுக்கிய எரிபொருள்; அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வேறு பதில் கிடையாது.

கொச்சியில் இறங்கி ஏறியதில் மூன்று மணி நேரம் போய்விட்டது. முருகேசன் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள்.

அடுத்த லீவில் அவர் வீட்டுக்குப் போய், எரிபொருளைக் குறைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"பெட்டி மறுநா வந்தா என்னண்ணே, ஊசியா போயிரும்?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு, கேட்ட உயரம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு முதலில் எரிபொருள் போட்டேன். மிச்சமிருந்த எடைக்குத்தான் பெட்டி. திருச்சியில் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.