கண்ணுக்கு இதம்

செகந்திராபாத் பார்க்லேனில், மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகளாக இருந்த ஒரு கட்டடத்தில் தண்டபாணியின் கடையும் இருந்தது. பழனிப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்து வேலை தேடி ரயிலேறி வந்தவன், மூன்றாம் வருடமே சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். 2001-ஆம் வருடம் அது. ஊரில் எங்கே திரும்பினாலும் யாராவது கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாச் சாமானும் விற்றாலும் மானிட்டர் என்றால் அவனுக்குத் தனி ஈடுபாடு. கடை வாசலை ஒட்டி ஒரு மேஜை போட்டு, அதில் இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ஒன்று பின்பக்கம் வயிறு தள்ளிய டியூப் மானிட்டர். மற்றது அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த தட்டையான எல்சிடி. இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து, வருகிறவர்களை ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் உட்காரச் சொல்வான். டியூபில் படம் நிலையாக நிற்பதில்லை, நொடிக்கு அறுபது தடவை திரும்பத் திரும்ப வரையப்படுகிறது என்பான். நேராகப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, ஓரக்கண்ணால் பாருங்கள், துடிப்பது தெரியும் என்பான். பிறகு செட்டிங்கில் போய் அறுபதை எண்பத்தைந்தாக மாற்றுவான். துடிப்பு அடங்கிவிடும். எல்சிடியில் அந்தத் தொல்லையே கிடையாது என்று முடிப்பான்.

ஆனால் போட்டோ ஸ்டூடியோக்காரர் யாராவது வந்தால், நிறம் சரியாக வர வேண்டுமானால் உங்களுக்கு டியூப்தான் என்று சொல்லி, விலை குறைந்ததையே கட்டிக் கொடுப்பான். மல்லாபூர் ஃபாக்டரி ஆபீஸ்களிலிருந்துகூட அவனைத் தேடி வந்தார்கள். அவன் ஒருநாளும் பொய் சொல்லி விற்றதில்லை. பொய் சொல்லியிருந்தால், பின்னால் நடந்ததற்குத் தன்னைத் திட்டிக்கொள்ள அவனுக்கு ஒரு பிடியாவது கிடைத்திருக்கும்.

அவன் மனைவி லலிதா மாரேட்பல்லியில் பிறந்து வளர்ந்தவள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பாள், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பாள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான் தண்டபாணி. அவளுக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். டாக்டர் எவ்வளவு முணுமுணுத்தாலும் வியாதிப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துவிடுவாள் என்று ஆபீஸில் அவளுக்குப் பெயர். மகள் சாஹித்யா பிறந்த பிறகு, உப்பல் வீட்டிலேயே ஒரு பழைய டியூப் மானிட்டரை வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடர்ந்தாள்.

2004 கோடையில் அவளுக்குக் கண் எரிய ஆரம்பித்தது. சாயங்காலமானால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். பழைய ஆபீஸ் சிநேகிதி ஃபாத்திமா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதைக் கேட்டுக் கவலைப்பட்டாள். லலிதாவின் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு கண் தெரியாமலே போனது ஃபாத்திமாவுக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் அதை வயசு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். எதற்கும் கண்ணைக் காட்டிவிடு என்று சொன்னதோடு நில்லாமல், ஃபாத்திமாவே போன் போட்டு, ஒரு கண் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைக்கு நேரமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தண்டபாணி வீட்டுக்கு வந்ததும் முதலில் மானிட்டரைத்தான் பார்த்தான். அறுபதில் இருந்தது. பழைய மெஷின், அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. கடையில் எல்லாரையும் கேட்பதைப் போல அவளையும் பக்கவாட்டில் திரும்பி நின்று ஓரக்கண்ணால் பார்க்கச் சொன்னான். துடிக்கிறதா என்று கேட்டான்.

ஒன்றும் துடிக்கவில்லையே என்றாள் லலிதா. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

“உனக்குப் பழகிப் போச்சு லலிதா. இதுல உக்காந்தா யாருக்கும் எரியத்தான் செய்யும். முதல்ல இதை மாத்தறேன், அப்புறம் ஆஸ்பத்திரியைப் பாத்துக்கலாம்.”

மறுநாளே கடையிலிருந்து புது எல்சிடி ஒன்றைக் கொண்டு வந்து வைத்தான். ஜன்னல் வெளிச்சம் விழாதபடி மேஜையை நகர்த்தினான், வெளிச்சத்தைக் குறைத்தான், எழுத்தைப் பெரிதாக்கினான். புதன்கிழமை அவளுக்குத் தலைவலி இல்லை. வியாழக்கிழமை காலையில் எரிச்சலும் குறைந்திருந்தது.

“இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரி நக்கோங்க,” என்றாள். அவனே போன் செய்து நேரத்தை ரத்து செய்தான். அன்று கடையில் மூன்று பேரிடம் மனைவியின் கதையைச் சொன்னான். மூன்று பேரும் எல்சிடி வாங்கிப் போனார்கள்.

அதற்கப்புறம் நாலு வருடம். லலிதா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். மேஜை ஓரத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடும். செகந்திராபாத் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒருமுறை கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். உனக்கு எப்போதும் அவசரம் என்று தண்டபாணி கேலி செய்வான், அவளும் சேர்ந்து சிரிப்பாள். வரியின் கடைசி வார்த்தைகள் தப்பிப் போகின்றன என்று சொன்னாள். திரை சின்னது, அதுதான் காரணம் என்று பதினேழு இஞ்ச் கொண்டு வந்தான். பிறகு பத்தொன்பது. அவள் எதைச் சொன்னாலும் அதற்கு அவன் கடையில் ஒரு பதில் இருந்தது. பெரிய திரையில் அவள் எதையோ தேடுவதைப் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் படித்ததை அவன் கவனித்தான். பெரிய திரை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

2008-இல் ஒருநாள் மத்தியானம் சாஹித்யாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு உப்பல் ரோட்டைக் கடந்தபோது, பக்கவாட்டிலிருந்து வந்த ஆட்டோவை லலிதா பார்க்கவே இல்லை. ஆறு வயதுக் குழந்தை கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற குழந்தை அது. ஆட்டோ உன் கண்ணில் படவில்லையா என்று அதே தெலுங்கில் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அப்பாவிடமும் அதையே சொன்னது. மறுநாளே தண்டபாணி கடையைத் திறக்காமல் லலிதாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவியின் முன் அவளை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நேராகவே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அழுத்த வேண்டும். தண்டபாணி சுவரோரம் நின்றான். கருவி டிக் டிக்கென்று புள்ளி மாற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பொத்தான் சத்தம் வரவில்லை. அவளுடைய கட்டைவிரல் தயாராக, வெள்ளையாக அழுந்திக் காத்திருந்தது. ரொம்ப நேரத்துக்கு ஒருமுறை அழுத்தினாள். ஓரத்தில் அவளுக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது. வீட்டு மானிட்டரின் துடிப்பு அன்றைக்கு அவளுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் அந்த நிமிடமே புரிந்தது.

காகிதத்தில் வந்த படத்தில் நடுவே கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு. டாக்டர் அம்மாள் நிதானமாகச் சொன்னார். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வலிக்காது, எரியாது, அதனால் தெரியவும் தெரியாது. லலிதாவுக்கு அன்றைக்கு எரிந்தது திரையால்தான், இதனால் அல்ல. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது. லலிதா தலையாட்டினாள். அந்த வார்த்தையை யார் யாருக்காகவோ நூற்றுக்கணக்கான தடவை அவள் டைப் அடித்திருக்கிறாள்.

இதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்க எப்போதாவது நினைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். தண்டபாணி வாயைத் திறந்தான். அதற்குள் லலிதா முந்திக்கொண்டாள்.

“இல்ல டாக்டர். எனக்குத் தோணவே இல்ல.”

வெளியே நடைபாதை பெஞ்சில் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வருகிறவர்கள் போகிறவர்கள் நோயாளி அவன்தான் என்று நினைத்தார்கள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டான்.

“நீங்க என் கண்ணு எரியுதேன்னு துடிச்சுப் போய் வாங்கிட்டு வந்தீங்க. அதைக் குத்தம்னு ஒரு டாக்டர் கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?”

அதைக் கேட்ட பிறகு அவனுக்கு அழுகையும் வரவில்லை.

சொட்டு மருந்து, பிறகு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். அழுத்தம் இறங்கியது, ஆனால் ஏற்கெனவே நைந்து போன நரம்பு மேலும் நைவது நிற்கவில்லை. 2010-இல் அவள் வேலையை விட்டாள். கடைசி நாளன்று திரையில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, ஒரு ரிப்போர்ட்டை முழு மத்தியானமும் அடித்தாள். பிழை ஒன்றுகூட இல்லை என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அதை அவளுக்குத் தண்டபாணிதான் படித்துச் சொன்னான். மறுவருடம் அவள் பார்வையில் சாஹித்யாவின் முகம் நடுவில் மூக்கும் உதடும் மட்டுமாகச் சுருங்கியது. அதற்கடுத்த வருடம் வெளிச்சமும் நிழலும்தான்.

கடையில் தண்டபாணியால் பழையபடி பேச முடியவில்லை. அதற்குள் டியூப் மானிட்டரே சந்தையில் இல்லாமல் போயிருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டவும் எதுவும் இல்லை. ஆனாலும் யாராவது கண் எரிகிறது, நல்ல திரையாகக் கொடுங்கள் என்று வந்தால், முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினான். சிலருக்குக் கோபம் வந்தது. மானிட்டர் கேட்டால் வைத்தியம் சொல்கிறானே என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனார்.

இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், லலிதா தன் தம்பி ஸ்ரீகாந்தை விடாமல் நச்சரித்தாள். நாலு வருடம் தட்டிக் கழித்தவன், ஒருவழியாக 2012-இல் போனான். அவனுக்கும் இருந்தது. ஆனால் ஆரம்பம். தினம் ஒரு சொட்டு போட்டால் போதும், பார்வை முழுசாக இருக்கிறது என்றார்கள். அவன் மாரேட்பல்லியிலிருந்து நேராக உப்பலுக்கு வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். லலிதா அவன் தலையைத் தடவி, நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைத் தண்டபாணி வெகுநாளாகப் பார்த்ததில்லை. அவன் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். தண்ணீர் சத்தத்தில் அவன் சத்தம் கேட்கவில்லை.

பார்வை போன பின்னும் கண் வலிக்காமல் இருக்க லலிதாவுக்கு மருந்து விட வேண்டியிருந்தது. தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அவன்தான் விடுவான். மருந்தை விட்டுவிட்டு, என்னை மன்னித்துவிடு என்று மெல்லச் சொல்வான். அவள் அவன் கையைத் தட்டிக் கொடுப்பாள். சொட்டு மருந்து தொடங்கிய 2008-இலிருந்தே இது நடந்தது.

2013 பிப்ரவரியில் ஒருநாள் காலை, அவன் வழக்கம்போலச் சொன்னபோது அவள் கையைத் தட்டிக் கொடுக்கவில்லை.

“தினமும் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் தினமும் மன்னிக்கணும். சில நாள் எனக்கு முடியறதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். முடியாத நாட்களும் இருந்திருக்கின்றன என்பதை, அப்போதெல்லாம்கூட அவள் கையைத் தட்டிக் கொடுத்திருக்கிறாள் என்பதை, அன்றுதான் தண்டபாணி தெரிந்துகொண்டான்.

சரி என்றான். மருந்து விட்டால் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அவள் மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். உள்ளே சாஹித்யா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நிமிடமும் அவன் லலிதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கையைப் பிடிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.