நரம்பு டாக்டர் ஸ்லைடு

காரைக்குடியில் ஒரு சினிமா கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். தொண்ணூறுகளில் எங்கள் பிழைப்பு அதுதான்.

அவருக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. பிடித்த தட்டு நழுவும். சட்டைப் பித்தான் போட வராது. கியரைப் பிடித்தால் கை இருக்கிறதே தெரியவில்லை என்றார். கை போனால் லாரி போச்சு.

அந்தச் சமயம் இடைவேளையில் புது ஸ்லைடு ஒன்று போட்டார்கள். மதுரையிலிருந்து நரம்பு நிபுணர் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார், பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் பார்ப்பார் என்று. எழுத்து திரையில் விழுந்ததும் ஆண்கள் பக்கம் விசில். எங்கள் ஊரில் நரம்பு என்றால் ஆம்பளைக் கோளாறு. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களும் அப்படித்தான் விளம்பரம் செய்வார்கள்.

"ஒருதரம் காட்டிட்டு வந்துருங்களேன். இவரு படிச்ச டாக்டராம்" என்றேன்.

"லாட்ஜுப் படியில என்னையப் பாத்தா லாரி செட்டே சிரிக்கும். நீ வேற."

அத்தோடு விட்டுவிட்டேன்.

ஒருநாள் டாக்டரே கொட்டகைக்கு வந்தார். சின்ன வயசுதான். சரியான நோயாளி ஒருத்தர்கூட வரவில்லையே என்று மேனேஜரிடம் கேட்டார்.

"தப்பா நினைக்காதீக சார். நரம்புன்னு போட்டு லாட்ஜுல உக்காந்திருக்கீக. வாரவன் லேகியந்தான் கேப்பான்."

"அதான் சார் கேக்குறாங்க" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் ஸ்லைடு மாறியது. மூளை நிபுணர். இடம் ஒரு மருந்துக்கடை மாடி. வீட்டில் சொன்னேன்.

"அன்னைக்கு நரம்பு. இன்னைக்கு மூளை. எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

கை மெலிந்துகொண்டே வந்தது. கட்டைவிரல் பக்கத்துச் சதை குழி விழுந்துவிட்டது.

மழைக்காலத்தில் ஸ்லைடை மறுபடி மாற்றினார்கள். நிபுணர் என்ற பேச்சே இல்லை. ஒரு கை படம். கீழே, கை கால் மரத்துப்போகிறதா என்று மட்டும். அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் கதவோரம் நின்று பார்த்தார். விசில் வரவில்லை.

"இது என்னையத்தான் கேக்குது" என்றார்.

ஞாயிறு போனோம். டாக்டர் கையை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஊசியால் தொட்டார். கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது என்றார். இதற்கு மேல் போகாமல் பார்க்கலாம், போன பலம் திரும்பாது, லாரி வேண்டாம் என்றார்.

"முன்னாடியே வந்திருக்கலாமே. தியேட்டர்ல ஸ்லைடு போட்டிருந்தோமே, பாக்கலையா?"

"பாத்தோம் சார்" என்றார் இவர்.

டாக்டர் மருந்து எழுதினார்.

மேனேஜரிடம் சொல்லி கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் அவரைச் சேர்த்தேன். வலது கையால் டோக்கன் கொடுத்தார். இடைவேளையில் அந்த ஸ்லைடு விழும். அவர் வெளியில் இருப்பார். வெளியே போகிறவர்களுக்கு நான் கதவைத் திறந்துவிடுவேன்.